சுவரைத் தொடாமல் திரும்புகிறவள்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த களைப்பைவிட, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போன களைப்புதான் எனக்கு அதிகம். மின்சார ரயில் பொன்னேரியில் நின்றது. ஒரு எக்ஸ்பிரஸ் எங்களைத் தாண்டிப் போனது. அடுத்து ஒரு சரக்கு ரயில் போனது. அப்புறம் ஒன்றுமே போகவில்லை, ஆனாலும் நின்றது. பெட்டி முழுக்க ஷிப்டுக்குப் போகிறவர்கள். எனக்கு எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "இன்னாயா, இவன் இன்னிக்குப் போவானா, இல்ல நாம எறங்கித் தள்ணுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

என் பக்கத்தில் இரண்டு வடநாட்டுப் பையன்கள். ஒருவன் புதிது போலிருக்கிறது. பழையவன் அவனுக்கு இந்தியில் புத்தி சொல்லிக்கொண்டு வந்தான். எனக்குப் புரிந்த மட்டில் அதன் சாரம் இதுதான்: "கேன்டீனில் எல்லாவற்றிலும் புளி போடுவார்கள், கேட்காதே. சூப்பர்வைசர் தமிழில் கத்துவார், அதையும் கேட்காதே. தலையை மட்டும் ஆட்டு." அங்கே இருந்த நாட்களில் எனக்கும் இது மிகவும் பயன்பட்டது.

நான் கோயிலுக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒரு பெண் நீந்தித் திரும்பும்போது சுவரைத் தொடுகிறாளா என்று பார்த்து, படம் எடுத்துவரப் போனேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பவானி. பதினைந்து வயது. போன வருடம் சிங்கப்பூரில் நடந்த இளையோர் நீச்சல் போட்டிக்கு வந்திருந்தாள். எங்கள் பேட்டை நீச்சல் மன்றத்தில் நான் தொண்டூழியர். வெளிநாட்டுப் பிள்ளைகளை யார் வீட்டில் தங்கவைக்கலாம் என்று கேட்டபோது, தமிழ்ப் பெண் என்பதால் இவளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐம்பது மீட்டர் போட்டியில் தன் வயதுப் பிரிவின் சாதனையை உடைத்தாள். பார்வையாளர் பகுதியில் நான் போட்ட சத்தத்துக்கு முன்வரிசைச் சீனத்தம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

அன்று மாலையே இருநூறு மீட்டரில் அவளைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதிலும் அவள்தான் முதலில் வந்தாள். ஆனால் ஒரு முறைகூடச் சுவரைத் தொட்டுத் திரும்பவில்லை. சுவருக்கு ஒரு கை தூரம் இருக்கும்போதே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிட்டாள். மற்றவர்கள் சுவரைக் காலால் உதைத்துக்கொண்டு விசையோடு கிளம்பினார்கள். இவள் உதைக்க ஒன்றுமில்லாமல், நின்ற இடத்திலிருந்து தண்ணீரைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது மீட்டர் குளத்தில் ஐம்பது மீட்டர் போட்டிக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் அந்தச் சாதனை மட்டும் தப்பியது.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "அங்க கம்பி கீதே ஆன்ட்டி," என்றாள். எங்கே என்றதற்கு, "டேங்க்ல," என்றாள்.

அவளுடைய அப்பா ஏழுமலை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருக்காலையில் ஒப்பந்தக் காவலாளி. ஆலையின் பின்பக்கம், தீப்பிடித்தால் அணைப்பதற்கு என்று எப்போதும் நீர் நிரப்பி வைத்திருக்கும் நீளமான தொட்டி ஒன்று உண்டு. பின்வாசல் காவல் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அங்கே இறக்கிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தார். தொட்டிச் சுவரில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், "செவுத்துகிட்ட போவாத." இரண்டாவது பாடம் தேவைப்படவில்லை, அவள் கணுக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது.

அப்படிக் கற்றுக்கொண்டவளைப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் திருவள்ளூருக்கு மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனார். ஜெயித்தாள். சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். மாநிலச் சாதனை. எல்லோரும் "குறுந்தூரத்துக்குப் பிறந்தவள்" என்று எழுதினார்கள். நீண்ட தூரம் என்றால் ஏன் பின்வாங்குகிறாள் என்று ஒரு பிரகஸ்பதிகூடக் கேட்கவில்லை.

எங்கள் மன்றத்துப் பயிற்சியாளர் கேட்டார். தொட்டிக் கதையை நான் சொன்னேன். "இந்தப் பெண்ணுக்கு உதைக்க ஒரு சுவர் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?" என்றார். ஒரு வருடம் தானே பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார். தங்கல் என் வீட்டில். ஒரே நிபந்தனை, அந்தப் பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள் என்று காட்டவேண்டும். இருநூறு மீட்டர் நீந்தி, திரும்புவதெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு காணொளி. இருந்தது ஒரே இடம், கேட்டு நின்றவர்கள் பலர். ஆடி முடிவதற்குள் அனுப்பச் சொன்னார் என்று நான்தான் தமிழ் மாதத்தில் மாற்றி ஏழுமலைக்குச் சொன்னேன்.

முதலில் உற்சாகமாகத்தான் இருந்தார்கள். திடீரென்று ஒன்றும் வரவில்லை. போன் செய்தால், "பாக்கலாம் மேடம்," என்று ஏழுமலை வைத்துவிடுவார். கெடு நெருங்கியது. பொறுக்கமாட்டாமல் நானே கிளம்பிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு வெளியே பவானியே என்னை வரவேற்றாள், பேனரில். படம் நான் எடுத்தது. சிங்கப்பூரில் அந்த ஐம்பது மீட்டரை முடித்து, ஒரு கை சுவரில் பதிய, நிமிர்ந்து பலகையைப் பார்த்து வாய் திறந்திருந்த கணம். ஏழுமலைக்கு அனுப்பியிருந்தேன். அவர் ஆலைக்குக் கொடுத்திருக்கிறார். நீச்சலுடையில் தோள் தெரிகிறதே என்று பேனர் கடைக்காரர் தன் கைவண்ணத்தில் ஒரு ரோஸ் நிறத் துப்பட்டா போர்த்தியிருந்தார். தண்ணீருக்குள் துப்பட்டா. அவளைச் சுற்றி ஆலை அதிகாரிகளின் தலைகள், ஒவ்வொன்றும் அவள் தலையைவிடப் பெரிது. மேலே "எங்கள் ஆலைக் குடும்பத்தின் தங்க மீன்!" என்று எழுதியிருந்தது.

ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது டிரைவருக்குப் பக்கத்தில் அரை இருக்கை. சிங்கப்பூரில் பேருந்தில் நிற்கிறவர் தோள் நம்மேல் பட்டால் மன்னிப்புக் கேட்பார். இங்கே டிரைவர் என் முழங்காலுக்கு மேல் கையைக் கொண்டுபோய் கியர் மாற்றிவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கம்மா," என்றார். ஒதுங்கினால் நான் ரோட்டில் இருப்பேன்.

வீடு, தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் ஷீட் போட்ட இரண்டு அறை. கொடியில் காய்ந்த வெள்ளைச் சீருடை மேல் இரும்புத் தூசி படிந்திருந்தது. பவானியின் அம்மா அமுலு, நான் உட்காருவதற்குள் கேழ்வரகுக் கூழைச் சொம்பில் ஊற்றி, வறுத்த நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் வைத்தார். "ஆடி மாசம் வந்துட்டு கூழு குடிக்காமப் போவாதக்கா. ப்ளேன்ல இன்னாத்த குடுத்திருப்பான்?" அந்தக் கருவாட்டுக்கு ஈடாக எதையும் எந்த விமானத்திலும் நான் தின்றதில்லை. பவானி வளர்ந்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது. பயிற்சி எப்படிப் போகிறது என்றேன். அம்மாவைப் பார்த்தாள்.

"தொட்டிய மூடிட்டாங்கக்கா," என்றார் அமுலு.

ஏழுமலை ஷிப்ட் முடிந்து வந்து சொன்னார். சிங்கப்பூரிலிருந்து வந்ததும் தொட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் கம்பிகளை ரம்பத்தால் அறுத்திருக்கிறார். தூக்கியெறிந்த கன்வேயர் பெல்ட்டை வெட்டி மெத்தை மாதிரி சுவரில் கட்டியிருக்கிறார். பவானி தொட ஆரம்பித்துவிட்டாள், பயந்து பயந்து. அப்போதுதான் பேனர் வந்தது. பேனர் போட்டவர்களுக்கு ஆசை விடவில்லை. தங்க மீன் பயிற்சி எடுத்த இடத்தைப் படம் பிடிக்கவேண்டும் என்று கேமராவோடு வந்தார்கள். கூடவே பாதுகாப்பு அதிகாரியும் வந்தார்.

"அவுரு தொட்டியப் பாத்தாரு, பெல்ட்டப் பாத்தாரு, என்னியப் பாத்தாரு. அவ்ளோதான் மேடம். மறுவாரம் வேலி போட்டாங்க. என்னியத் தூக்கி முன்கேட்ல போட்டாங்க."

"வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"போயிருக்கும். பேனர் வச்சுட்டாங்களே, அதனால வுட்டாங்க." அவர் சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சித்திரைக்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. சென்னைக்குப் போய்வர வழியில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். பொன்னேரியில் நின்ற ரயிலை நினைத்து விட்டுவிட்டேன். எங்கள் பேட்டையில் வீட்டிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் பொது நீச்சல்குளம் வந்துவிடும். அங்கே பாட்டன்மார்கள் வெறுமனே மிதந்துகொண்டிருப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் பவானி என்னைப் பின்பக்கச் சந்து வழியாகத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். சந்தில் லாரி லாரியாகப் பழைய இரும்பு நின்றது. மழைத் தேக்கத்தில் எண்ணெய் வானவில் போட்டிருந்தது. கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் தொட்டி நிறைய நீர், பாசி பிடித்துப் பச்சையாக. வேலியின் உட்பக்கம், எங்களைப் பார்த்தபடி ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்கியது. "இங்கே நீந்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." எழுத்துக்கு மேலே ஒரு படம், படத்தின் குறுக்கே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

படம் பவானியுடையது. அதே படம். சுவரில் பதிந்த கை, நிமிர்ந்த முகம், திறந்த வாய், ரோஸ் துப்பட்டா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ வேண்டுமென்று செய்த கொடுமை என்று நினைத்துக் கத்தத் தொடங்கிவிட்டேன். பவானிதான் பொறுமையாகச் சொன்னாள். "வேணும்னுல்லாம் பண்ல ஆன்ட்டி. அதே பேனர் கடைலதான் இதுக்கும் ஆர்டர் குடுத்தாங்க. நீந்துற மாரி ஒரு படம் போடுன்னுருப்பாங்க. அவுங்க கம்ப்யூட்டர்ல நீந்துற படம் என்னுதுதான் கீது." கொஞ்சம் நிறுத்தி, "மொத நாளு பாத்தப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது நாளு வர்ல," என்றாள்.

வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

அங்கிருந்து நேரே ஆலை அலுவலகத்துக்குப் போனேன். பேனரில் இருந்த தலைகளில் ஒன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நிர்வாக அதிகாரி. ஏலக்காய் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். சிங்கப்பூரில் தன் மைத்துனர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று விவரமாகச் சொன்னார். நான் விஷயத்துக்கு வந்தேன். உங்கள் அதிகாரிகள் குடியிருப்பில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறதாமே, ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் அவளை விடுங்கள், நான் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

"பவானி எங்க பொண்ணு மேடம். எங்க பெருமை," என்றார். "ஆனா அந்தக் குளம் மெம்பர்ஸுக்கு மட்டும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் என் கழுத்தப் புடிப்பான்."

"அவ மாநிலச் சாதனை வச்சிருக்கிறவ. மூழ்கிடுவான்னு பயமா உங்களுக்கு?"

"ரூல்ஸ்க்கு அது தெரியாது இல்லீங்களா?"

பலகையைப் பற்றிச் சொன்னேன். உண்மையாகவே பதறிப்போனார். அவருக்குத் தெரியவே தெரியாதாம். தலையில் அடித்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். "அத உடனே சரி பண்ணிடறோம் மேடம். அந்த ஒரு விஷயத்துல நீங்க கவலையே படாதீங்க." டீ நன்றாகத்தான் இருந்தது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கெடு முடிவதற்குள் மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பெரியபாளையம் போகிற சாலையில் குளம் உள்ள ஒரு ரிசார்ட் இருப்பதாக ஏழுமலையின் நண்பர் ஒருவர் சொன்னார். கூட்டம் வருவதற்கு முன்னால் காலையில் விடுகிறேன் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். ஏழுமலை லீவு போட்டார். அமுலுவும் பெரியபாளையம் கோயிலுக்கு என்று எங்களோடு கிளம்பினார், மகளுக்கு இடம் கிடைக்கவேண்டும் என்று பவானியம்மனுக்கு வேப்பிலை உடுத்திச் சுற்றிவருவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

ஆடி ஞாயிற்றில் அந்தச் சாலையில் பயணம் செய்ய முடிவெடுத்த முட்டாள்கள் நாங்கள் மட்டும் இல்லை. வேன் வேனாக ஜனம். மினி லாரியில் பந்தல் போட்டு, பம்பை அடித்துக்கொண்டு, கோழியும் குழந்தையும் ஒரே மடியில். எங்கள் ஆட்டோ ஒரு வளைவில் பஞ்சரானது. ஸ்டெப்னி எங்கே என்றால், "அதான்ம்மா இப்ப ஓடிகினு இருந்துச்சு," என்றார் டிரைவர். ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். பொங்கல் பானைகளுக்கு நடுவே பவானி நின்றபடி கையை மட்டும் மெதுவாக அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது தொடவேண்டிய முறையைத்தான் மனதில் ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அமுலு அதே வேனில் கோயிலுக்குப் போக, நாங்கள் மூவரும் ரிசார்ட்டுக்குள் நுழைந்தபோது மேலாளர் பாடல் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, சீக்கிரம் என்றார். குளம் இருபத்தைந்து மீட்டர் என்று சொன்னார், கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நீல ஓடு பதித்த வழவழப்பான சுவர். பவானி அதை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "பூ மாரி கீது ஆன்ட்டி," என்றாள்.

நான் ஒரு பக்கத்தில் போனோடு நின்றேன். ஏழுமலை எதிர்ப்பக்கம் நின்றார். அவள் பாய்ந்தாள்.

மாதக்கணக்கில் தண்ணீர் படாதவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாலு கை போடுவதற்குள் நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்பது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. பூரித்துப்போனேன். எதிர்ச்சுவர் நெருங்கியது. ஏழுமலை குனிந்து, இரண்டு கையாலும் சுவரின் விளிம்பைத் தட்டிக் கத்தினார். "தொடு! செவுத்த தொடு பவானி! ஒண்ணும் ஆவாது, தொடும்மா!"

தண்ணீருக்குள் இருப்பவளுக்கு எது கேட்கும்? சுவருக்கு ஒரு கை தூரத்தில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினாள்.

என் பக்கம் வந்தபோதும் அப்படியே. மறுபடி அவர் பக்கம், அப்படியே. சுவர்ப் பக்கம் போகாதே என்று சொல்லிக் கொடுத்த மனிதர், குளத்தின் விளிம்பில் மண்டிபோட்டு, ஒவ்வொரு முறையும் சுவரைத் தட்டித் தட்டிக் கத்தினார். கடைசியில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. அவர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நன்றாக அவள் உடம்பில் ஏறியிருந்தது.

முடித்து எழுந்து, மூச்சு வாங்க, "தொட்டேனா நைனா?" என்று கேட்டாள். தொட்டதாகவே நினைத்திருக்கிறாள். ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாப் போன கண்ணு," என்றார்.

இரண்டாவது முறை எடுத்தோம். இந்தத் தடவை தொட்டாள். சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவள்போல ஒவ்வொரு முறையும் சுவருக்கு முன்னால் தயங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, தொட்டு, பிறகு திரும்பினாள். பாதியிலேயே வேகம் செத்துப்போனது. அதற்குள் பாட்டு அலறத் தொடங்கியது. மிதவை வளையங்களோடு ஒரு குடும்பம் குளத்தில் குதித்தது. மேலாளர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

எதை அனுப்புவது என்று கேட்டேன். "மொதல்ல எடுத்தது," என்றாள் பவானி. "அதுலதான் நான் நீந்திருக்கேன்." அனுப்பினேன்.

கோயில் வாசலில் அமுலுவுக்காகக் காத்திருந்தபோது பதில் வந்துவிட்டது. அவள் மாதிரி நீந்துகிற பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் எழுதியிருந்தார். ஆனால் இன்னும் அதே பழக்கம் இருக்கிறது, இந்த இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது, வருந்துகிறேன். நல்ல மனிதர், நியாயமாகத்தான் முடிவெடுத்தார். அந்த நியாயத்தை அன்றைக்கு நான் வாய்விட்டுத் திட்டினேன்.

அமுலு கூட்டத்திலிருந்து வந்தார். ஈரத் தலை, நெற்றி நிறையக் குங்குமம், உடம்பெல்லாம் வேப்பிலை வாசனை. "நல்லா சுத்தினேன்க்கா. இன்னாச்சு?" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பையிலிருந்து தேங்காய் மூடியை எடுத்து உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். பவானி மென்று தின்றாள். அடுத்த வருஷம் வயது அதிகமாகிவிடுமா ஆன்ட்டி என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வருஷம் எந்தத் தண்ணீரில் பழகுவாய் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கிளம்பினேன். சொல்லிக்கொள்ள ஆலை முன்வாசலுக்குப் போனபோது ஏழுமலை சீருடையில் நின்றிருந்தார். எனக்கு ஒரு சல்யூட் அடித்தார், பழக்கதோஷம். பிறகு வெட்கப்பட்டுக் கையைக் கூப்பினார். "போர்டு சரி பண்ணியாச்சு மேடம்," என்றார். ஏனோ அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பவானி என் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகவே ஸ்டேஷனுக்கு நடந்தாள். அந்த வழிதான் சுருக்கு. பலகை அதே இடத்தில் தொங்கியது. புதிதாகச் செய்யவில்லை. படத்தில் அவள் முகத்தின்மேல் மட்டும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரைச் சதுரமாக ஒட்டியிருந்தார்கள்.

"நைனாதான் ஒட்டுச்சு," என்றாள். "முன்கேட்டா இருந்தாலும், டூட்டில கீறவங்கதானே ஒட்டணும்."

முகம் போய்விட்டது, துப்பட்டாவும் பாதி போய்விட்டது. சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, சுவரில் பதிந்த அந்தக் கை மட்டும் மிச்சம் இருந்தது. பவானி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலி ஓரமாகப் போனாள். கம்பி இடுக்கில் விரலை விட்டு அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுல தொட்டிருக்கேன் பாருங்க ஆன்ட்டி," என்றாள்.